படத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரணைமடு அணைக்கட்டில் நின்று பொழுதுபடும் நேரம் ஒரு படம் எடுத்தேன். கூட்டாளிகள் எல்லாரும் 'சூப்பர்' என்றார்கள். ஊரில் படம் எடுக்கிற ஒரு அண்ணை மட்டும் 'தண்ணி சரிஞ்சு கிடக்கு, வானம் வெளுத்துப் போச்சு' என்றார். பின்னேரம் முழுக்கக் காத்துக் கிடந்து எடுத்த படம். அவருக்கு எரிச்சலா, அல்லது எனக்குத்தான் விளங்கவில்லையா?
– மாணவன், பரந்தன்

பதில்: தம்பி, நீர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அண்ணை சொன்ன இரண்டும் சரி. இடப்பக்கம் தண்ணீர் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் கிடக்கிறது. குளத்துத் தண்ணீர் அப்படி நிற்காது. போனிலும் கமராவிலும் திரையில் குறுக்குக் கோடு காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு எடும். வானம் வெளுத்தது என்று அவர் சொன்னது, சூரியனைச் சுற்றி ஒரு நிறமும் மிஞ்சாமல் வெறும் வெள்ளையாய்க் கிடக்கிறதே, அதை. அந்த இடத்தில் கமரா எதையும் பதியவில்லை. பிறகு கொம்பியூட்டரில் எவ்வளவு இழுத்தாலும் வராது. அடுத்த முறை போன் திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எடும். கரை இருண்டால் இருளட்டும்.

இனி எரிச்சல் கதை. அவர் சொன்ன இரண்டும் அடிமட்டம் வைத்துப் பார்க்கக்கூடிய குறை. சொன்னவர் உமக்கு ஆகாதவர் என்றாலும் கோடு கோடுதான். 'உந்தச் சூரியனை எல்லாரும்தான் எடுக்கினம்' என்று சொல்லியிருந்தால் அது அவருடைய விருப்பு வெறுப்பு. கேட்டுவிட்டு உம்முடைய பாட்டில் போகலாம்.

ஆனால் அவரும் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. படத்தின் வலது கீழ் மூலையைப் பாரும். ஒருவர் குந்தியிருந்து வலையிலிருந்து மீன் கழற்றுகிறார். பல்லால் ஒரு நூலைக் கடித்துப் பிடித்திருக்கிறார் போலத் தெரிகிறது. நீர் அவரைப் பாதியில் வெட்டிவிட்டீர். அத்தனை 'சூப்பரு'க்குள்ளும் அந்த மனிசனை ஒருவரும் காணவில்லை! கூட்டாளிகள் பார்த்தது உம்மை, படத்தை அல்ல. சரி, அதுவும் தேவைதான், ஆனால் அதை விமர்சனம் என்று எடுக்காதேயும்.

இன்னொன்று. குளம் அணைக்கட்டுக்குத் தெற்கே கிடக்கிறது. மார்கழியில் சூரியன் தென்மேற்கே விலகித் தண்ணீர்ப் பக்கமாய்ச் சாயும், மழைக்குக் குளமும் நிரம்பியிருக்கும். ஆனியில் வடமேற்கே போய்விடும். ஆனியில் போய் நின்றுகொண்டு தண்ணீருக்குள் சூரியன் விழவில்லை என்று கவலைப்படாதேயும்.

கேள்வி: நான் கமரா தொட்டதே இல்லை. சாதாரண தரம் படிக்கிற மகன் ஒவ்வொரு நாளும் படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டுகிறான். 'வடிவாயிருக்கு' என்றால், 'அம்மா எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லுறீங்கள்' என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறான். என்ன சொல்வது?
– ஆசிரியை, மல்லாவி

பதில்: பிள்ளை சரியாய்த்தான் கேட்கிறான், தங்கச்சி. உங்களுக்குக் கமரா தெரியத் தேவையில்லை. படத்தைக் கையில் வாங்கி, வாய் திறக்க முதல் கொஞ்ச நேரம் பாருங்கள். உங்கள் கண் முதலில் எங்கே போனது, பிறகு எங்கே இழுபட்டது என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய ஆட்டுக்குட்டிப் படத்தில் என் கண் குட்டியை விட்டுவிட்டுப் பின்னால் கிணற்றடியில் கிடக்கிற நீல வாளிக்கு ஓடுகிறது. உங்களுக்கும் அப்படித்தான் ஓடியிருக்கும். அதைச் சொன்னால் போதும், இரண்டடி தள்ளி நின்று எடுக்க அவன் தானே பழகுவான்.

புகழ்வதையும் அப்படியே குறிப்பாய்ச் சொல்லுங்கள். அதே படத்தில் குட்டியின் காதுக்குப் பின்னால் வெயில் நிற்கிறது. காது சிவந்து, உள்ளே ஓடுகிற நரம்பு தெரிகிறது. 'காதுக்குள்ளால வெயில் தெரியுதடா' என்று சொல்லிப் பாருங்கள். நாளைக்குக் காலமை வெயிலுக்கு முதல் எழும்பி நிற்பான்.

ஒரு படத்துக்கு ஒரு குறை போதும். நீங்கள் ரீச்சர், சிவப்புப் பேனை கை தன்னாலே எடுக்கும், கவனம். வந்தவர் போனவர் முன்னால் குறை சொல்லவே வேண்டாம்.

கேள்வி: பகுதி நேரமாகக் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறேன். போன மாதம் ஒரு தேவாலயக் கலியாணம், பொம்பிளை வெள்ளைச் சேலை, நல்ல மத்தியான வெயில். அல்பத்தைப் பார்த்துவிட்டுத் தாய் 'பிள்ளையைக் கறுப்பாக்கிப்போட்டான்' என்று எல்லாருக்கும் சொல்லித் திரிகிறார். நான் என்ன செய்ய?
– வாசகர், முருங்கன்

பதில்: முதலில் சேலையைப் பாரும். அச்சடித்த படத்தில் சேலை வெள்ளையாய் இருக்கிறதா, சாம்பல் பூத்திருக்கிறதா? கமரா எதைக் கண்டாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். படம் நிறைய வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சுவரும் இருந்தால், வெளிச்சம் கூடிப்போச்சு என்று நினைத்துத் தானாகக் குறைக்கும். சேலை சாம்பலாகும், முகம் இருளும். அப்படியென்றால் தாய் சொன்னது ஞாயம். வெளிச்சத்தைக் கூட்டுகிற பிளஸ், மைனஸ் அளவை ஒரு பிளஸ்ஸுக்குக் கொண்டுபோய் எடுத்திருக்க வேண்டும். அந்தப் படங்களைத் திருத்தி, காசு கேட்காமல் திரும்ப அடித்துக் கொடும்.

சேலை வெள்ளையாய் இருந்து, பிள்ளை தன்னுடைய நிறத்தில் இருந்தால், அது உம்முடைய குறையில்லை. இப்போது பல இடங்களில் முகத்தை மட்டும் வெளுக்க வைக்கிறார்கள். பொம்பிளையை மாவில் உருட்டி எடுத்தது போலிருக்கும், கழுத்தும் கையும் வேறு நிறம். அப்படிச் செய்து தரச்சொல்லிக் கேட்டால், தாயிடமல்ல, பொம்பிளையிடம் கேளும், 'இதில இருக்கிறது நீங்கள்தானே?' என்று. அவருக்குச் சம்மதம் என்றால் கதை முடிந்தது.

மத்தியான வெயிலில் ஆளை நிறுத்தாதேயும். தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. பிளாஷை மறந்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் கலியாணப் படம் எடுத்த ஆள் நான். தேவாலய வாசலுக்கு உள்ளே ஓரெட்டு வைத்து, முகம் வெளியே பார்க்க நிற்பாட்டினால் கண்ணுக்குக் கீழே நிழல் விழாது.

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வயதான அம்மாவைப் படம் எடுத்தேன். கறுப்பு வெள்ளையாக்கி, முகச் சுருக்கங்கள் தெரிய இருட்டாக்கினேன். படம் எடுக்கிற நண்பர்கள் 'பரிசு எடுக்கும்' என்கிறார்கள். போனில் அந்த அம்மாவுக்கே காட்டினேன். 'ஏன் மோனை, நான் இழைச்ச பெட்டியை விட்டிட்டுக் கிழிஞ்ச தறப்பாளை எடுத்தனி?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். மனம் ஒருமாதிரி இருக்கிறது. போட்டிக்கு அனுப்பலாமா?
– வாசகர், முள்ளியவளை

பதில்: இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களிலேயே நல்ல விமர்சகர் அந்த அம்மாதான். பொருளை விட்டுவிட்டுப் பின்னணியை எடுத்தாய் என்கிறார். பெரிய போட்டி நடுவரும் இதைத்தான் வேறு சொல்லில் சொல்வார்.

படத்தை நானும் பார்த்தேன். தறப்பாளின் கிழிசல் துல்லியமாய் விழுந்திருக்கிறது. மடியில் பாதி இழைத்த பனையோலைப் பெட்டி இருட்டுக்குள் போய்விட்டது, விரல்கள் சட்டத்துக்கு வெளியே. பார்க்கிறவனுக்கு அவர் ஏழை என்று மட்டும்தான் தெரியும், அவருக்கு என்ன கைவரும் என்று தெரியாது.

2009க்குப் பிறகு இந்தப் பக்கம் வந்த கமராக்கள் கொஞ்சநஞ்சமல்ல. மெனிக் பாம் முகாமில் எடுத்தார்கள், மீளக் குடியேறிய கொட்டில்களில் எடுத்தார்கள். அவற்றில் சில தேவைப்பட்ட படங்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எடுத்த படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து அந்தச் சனத்திடம் காட்டியவர்கள் அருமை. நீர் காட்டினீர், அதனால்தான் இந்தப் பதிலும் கிடைத்தது. நண்பர்கள் சுருக்கத்தை மெச்சினார்கள், ஏனென்றால் பரிசு எடுத்த படங்களில் அவர்கள் பார்த்துப் பழகியது சுருக்கத்தைத்தான். முதியவர் முகம், கறுப்பு வெள்ளை, கண்ணில் ஒரு துளி வெளிச்சம்... எனக்கு அலுத்துவிட்டது.

போட்டிக்கு இதை அனுப்பாதேயும். திரும்பப் போம். கேட்டுவிட்டுப் பக்கத்தில் நிலத்தில் இரும், நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் ஆள் சிறுத்துப்போவார். வெயிலில் காய்ந்த ஓலை படத்தில் சட்டென்று வெளுத்துப்போகும், அதனால் ஓலைக்கு வெளிச்சத்தை அளந்து எடும். விரல்கள் வேகமாய் ஓடும். ஷட்டர் திறந்து மூடுகிற நேரத்தைச் செக்கனில் 250இல் ஒரு பங்குக்காவது குறைத்து வைத்தால் ஓலை மடிகிற இடம் தெளிவாய் நிற்கும். நிறத்திலேயே விடும், சாயம் போட்ட ஓலை அவருடைய தெரிவு. போகும்போது முதல் படத்தை அல்ல, இரண்டாவது முறை எடுத்ததில் அவர் காட்டுகிற ஒன்றை அச்சடித்துக் கொடும். இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த வீடுகள் இங்கே நிறைய, அச்சுப்படத்தின் பெறுமதி அவர்களுக்குத் தெரியும். பிறகு போட்டிக்கு அனுப்பலாமா என்று அவரிடமே கேளும்.

கேள்வி: என் படங்கள் கலங்கலாய் இருப்பதாக இரண்டு பேர் சொல்கிறார்கள். புது லென்ஸ் வாங்கட்டா?
– வாசகர், மாங்குளம்

பதில்: பொறும். நீர் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியதும் கலங்கல்தான். அது அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடும். அதே படத்தை 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்பும், பார்த்துச் சொல்கிறேன். இந்தப் பகுதிக்குப் படம் அனுப்புகிற மற்றவர்களும் இனி அப்படியே அனுப்புங்கோ. என்ன எடுக்க நினைத்தீர்கள் என்று ஒரு வரியும் கூடவே எழுதிவிடுங்கோ.