121 கொரோலா வாங்கப்போகும் ரீச்சருக்கு

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். வவுனியாவில் ஒருவரிடம் 2003ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா கார், 121 என்ற மொடல், விலைக்கு வந்திருக்கிறதாம். ஓட்டோ கியர், 1500 சிசி பெற்றோல். தினமும் ஒட்டுசுட்டான் பக்கம் பள்ளிக்கூடம் போய்வர வேண்டும். என்ன பழுது வரும், எவ்வளவு காசு ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

ரீச்சர், முதலில் கிலோமீற்றர் கணக்கை மறந்துவிடுங்கள். இருபது வருடம் தாண்டிய காரில் மீற்றர் காட்டும் எண்ணை வைத்து விலை பேச முடியாது. பிரேக் பெடலின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சாரதி சீற்றின் ஓரம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அவை பொய் சொல்வது குறைவு.

இந்தக் காரில் வழக்கமாக இருப்பது 1என்செட் எஞ்சின். நல்ல எஞ்சின். ரைமிங் பெல்ற் கிடையாது, செயின்தான். குறித்த காலத்தில் மாற்றும் செலவு இல்லை. ஆனால் எஞ்சின் புளொக் அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளையும், அதற்கும் புளொக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் காஸ்கெற் போகும். அதற்கு வன்னியில் பெரிய காரணம் கிணற்றுத் தண்ணீர். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் குறையும்போது வாளியில் அள்ளி ஊற்றிவிடுவார்கள். நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கல்லுப்பிடிக்கும். கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது.

ஆகவே காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். றேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். தெளிவான சிவப்பு அல்லது ரோஸ் நிறம் என்றால் சரி. துருநிறச் சேறு ஒட்டினாலோ, வாயோரத்தில் வெள்ளைப் பொருக்கு இருந்தாலோ கவனம். அப்புறம் ஓயில் ஊற்றும் மூடியின் உட்பக்கம்: அங்கே பால்தேநீர் நிறத்தில் நுரை தங்கியிருந்தால், ஓயிலில் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எஞ்சின் முழுக்கச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் அந்தக் கார் வேண்டாம். இந்த எஞ்சினின் சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து) திருத்துவது இலகுவல்ல. பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில், ஜப்பானில் கழற்றிய எஞ்சின் ஒன்றைத் தேடத்தான் வரும். அது இலட்சக் கணக்கு.

கியர்பொக்ஸும் அதே கணக்குத்தான். குளிர்ந்த எஞ்சினில் டீ-க்கும் (D, முன்னே) ஆர்-க்கும் (R, பின்னே) மாற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு விநாடி யோசித்துவிட்டு "டொக்" என்று இழுத்தால் தேய்மானம். கியர் ஓயில் கறுத்துக் கருகிய மணம் வந்தாலும் அப்படியே.

மற்றதெல்லாம் தாங்கக்கூடிய செலவு. ஏ9 வீதியில் மட்டும் ஓடிய காருக்கும், உள்வீதிக் கிரவலில் ஓடிய காருக்கும் வித்தியாசம் அடியில்தான் இருக்கும். சில்லுகளைத் தாங்கும் பாகங்களான லோவர் ஆம் புஷ், போல் ஜொயின்ற், ஸ்ரெபிலைசர் லிங்க், ஷொக். பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் தட்டும் சத்தம் இவற்றால்தான். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக நகரும்போது "டிக் டிக்" என்றால் முன்சில்லைச் சுழற்றும் தண்டிலுள்ள சி.வி. ஜொயின்ற், அதன் ரப்பர் உறை (பூட்) கிழிந்து செம்புழுதி உள்ளே போயிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஆயிரங்களில் முடியும், எல்லாம் சேர்ந்து வந்தால் இலட்சத்தைத் தொடும். ஏ.சி. குளிராவிட்டால் "காஸ் போட்டால் சரி" என்பதை நம்ப வேண்டாம். காஸ் தானாகக் குறையாது, எங்கோ கசிகிறது.

இன்னொன்று, 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் எத்தனையோ இடம் தண்ணீரில் நின்றது. பின்சீற்றின் பெல்ற்றை முடிவுவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கோடு தெரிந்தால் வயரிங் நாளைக்கோ மறுநாளோ தலைவலி தரும். அந்த வேலைக்கு யாராலும் செலவு மதிப்பிட முடியாது.

காசு விடயத்தில் என் கருத்து: விலையில் பத்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்றது, 2022இல் ரூபா விழுந்தது, பாகங்களின் விலை அதற்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒரே பாகத்துக்கு ஜப்பான் ஒரிஜினல், சீனத் தயாரிப்பு, கழற்றியது என மூன்று விலை சொல்வார்கள். போல் ஜொயின்ற், பிரேக் ஆகியவற்றில் மலிவைத் தேடாதீர்கள். கதவுக் கைப்பிடிக்குக் கழற்றியது போதும்.

பணம் கொடுக்க முன் சேசி இலக்கத்தைக் கொடுத்து எயார்பாக் ரீகால் (பழுதான பாகத்தை மாற்ற நிறுவனம் காரைத் திருப்பி அழைப்பது) பற்றி விசாரியுங்கள். தக்காட்டா என்ற ஜப்பான் நிறுவனம் செய்த எயார்பாக்குகளின் பிரச்சினையில் இந்தக் கால கொரோலாக்களும் அடக்கம். நீண்டகால வெக்கையும் ஈரப்பதனும் பையை ஊதவைக்கும் வெடிமருந்தைக் கெடுக்கின்றன. விபத்தில் உலோகத் துண்டுகள் சிதறலாம். மாற்றியதற்கு ஆதாரம் கேளுங்கள். காரை உயர்த்திப் பார்க்க உங்கள் மெக்கானிக்கை விடமாட்டேன் என்று உரிமையாளர் சொன்னால், வேறு 121 பாருங்கள்.