சிறையில் கண்டறியப்பட்ட காசநோய்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

கேரள எல்லையான கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். விசாரணைக் கைதியான அவருடைய தம்பிக்குச் சிறையில் காசநோய் கண்டறியப்பட்டு, ஒரு மாதமாக மாத்திரை தரப்படுகிறது. மரபணுச் சோதனை செய்ததாகக் கேள்விப்பட்டதும் இது பரம்பரை நோயோ என்று வீட்டார் அஞ்சுகிறார்கள். உடனிருந்த கைதியிடமிருந்துதான் தொற்றியதா, ஜாமீனில் வருபவரை நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் சேர்க்கலாமா என்பவையும் அவருடைய கேள்விகள்.

அம்மா, அங்கே சோதிக்கப்பட்டது கிருமியின் மரபணு. உங்கள் குடும்பத்தினுடையது அன்று. காசநோய் பரம்பரையாக வருவதில்லை. சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் சளியில் கிருமி இருக்கிறதா என்பதோடு, அது ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதையும் அதன் மரபணுவைக் கொண்டே சொல்லிவிடும். ஆகவே அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்; ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இருந்தால் சிகிச்சை முறையே வேறாகும்.

யாரிடமிருந்து தொற்றியது என்பதைச் சொல்ல இந்தச் சோதனை போதாது. கிருமியின் முழு மரபணுத்தொகுதியையும் படித்தாக வேண்டும். அதில் எழுத்துகளைப் போல வரிசையாக அமைந்த வேதிக்கூறுகள் ஏறத்தாழ 44 லட்சம் உள்ளன. ஏட்டைப் படியெடுப்பவர் கையில் எப்போதாவது ஓர் எழுத்து பிறழ்வதைப் போல, சராசரியாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஓர் எழுத்து மாறுகிறது. இருவருடைய கிருமிகளுக்கிடையே 5 எழுத்துகளுக்குள் வேறுபாடு இருந்தால் அண்மையில் பரவியிருக்கலாம் என்றும், 12க்கு மேல் போனால் நேரடித் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றும் ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள். பிரேசிலில் இவ்வாறு ஒப்பிட்டபோது, சிறைக்கே போகாத ஊர்மக்களின் கிருமிகளும் கைதிகளின் கிருமிகளோடு நெருங்கிய உறவுடையவையாக இருந்தன. ஆனால் கிருமி உடலில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பின்னர் நோயாகலாம் என்பதால், உங்கள் தம்பி அதை வெளியிலிருந்தே கொண்டுபோயிருக்கவும் கூடும். உடனிருந்தவர்மேல் பழி சுமத்துவதை நான் ஏற்கமாட்டேன். மாலையில் பூட்டினால் மறுநாள் காலைவரை ஒரே அறைக் காற்றைப் பலர் சுவாசிக்கும் இடத்தில் அவரும் பாதிக்கப்பட்டவரே. உலக அளவில் சிறைகளில் இந்நோய் வெளியில் இருப்பதைப் போல ஏறத்தாழ 10 மடங்கு.

சரியான மருந்தைத் தவறாமல் சில வாரங்கள் உட்கொண்டவரிடமிருந்து தொற்று வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே அவரை வீட்டில் சேர்க்கலாம். ஆனாலும் சளியை மறுபடி சோதிப்பது பற்றிச் சிறை மருத்துவரிடம் கேளுங்கள். அதன் முடிவு தெரியும்வரை அவர் காற்றோட்டமுள்ள அறையில் தனியே படுப்பதும், இருமும்போது வாயை மூடிக்கொள்வதும் நல்லது. தட்டு, துணிகளைப் பிரித்துவைக்கத் தேவையில்லை. குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு நோய் இல்லை என்று உறுதியானபின் தடுப்பு மருந்து தரும் வழக்கம் உண்டு.

எனக்குள்ள பெரிய கவலை விடுதலையாகும் நாளைப் பற்றியது. ஜாமீன் உத்தரவு வந்த பரபரப்பில் மாத்திரை விடுபட்டு, கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. எனவே அவர் வெளியே வருவதற்கு முன்பே, காசநோயாளிகளுக்கான அரசுப் பதிவான நிக்ஷயில் அவருடைய எண்ணையும், இடைப்பட்ட நாட்களுக்கான மாத்திரைகளையும் சிறை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். நிக்ஷய் நாடு முழுவதற்குமான பதிவு என்பதால், அவர் கொழிஞ்சாம்பாறையில் தங்கினாலும் பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போனாலும் அந்தந்த அரசு மருத்துவமனைக்குச் சிகிச்சையை மாற்றிக்கொண்டு இலவசமாகத் தொடரலாம்.