பம்பை, ஆர்மோனியம் சத்தங்களைப் பதிவு செய்து கீபோர்டில் வாசிக்க எப்படித் தயார் செய்வது?

குடியாத்தம் பக்கம் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்தச் சமயத்தில் எங்கே மேடை போட்டாலும் அம்மன் பாட்டுதான், பம்பை இல்லாமல் அது எடுபடாது. என் கீபோர்டில் பம்பை டோன் இல்லை. அதனால்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

முதல் முறை கோட்டை விட்டதைச் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (சத்தத்தின் அளவெடுப்பு) என்று வைத்துப் பதிவு செய்தேன். என்னிடம் இருந்த பழைய சாம்ப்ளர் (பதிவு செய்த சத்தத்தைக் கட்டையில் வாசிக்க வைக்கும் கருவி) எதைக் கொடுத்தாலும் 44.1 என்றே எடுத்துக்கொண்டு வாசிக்கும். அதனால் சத்தம் மெதுவாக ஓடி, சுருதி இறங்கிவிட்டது. பம்பை வாசித்த அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கயிறு தளர்ந்த பம்பை மாதிரி இருக்குதேப்பா, நான் இழுத்துக் கட்டித்தானே வாசிச்சேன்?" என்றார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுருதி கிட்டத்தட்ட முக்கால் கட்டை அளவுக்கு இறங்கியிருந்தது. உங்கள் கருவிக்கு என்ன வேகம், எத்தனை பிட் வேண்டும் என்று கையேட்டில் பார்த்து, மென்பொருளில் முறையாக மாற்றிக் கொடுங்கள். பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு. தனி அடிகளுக்கு மோனோ (ஒரே தடப் பதிவு) போதும், நினைவகமும் பாதிதான் ஆகும்.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் நான் மைக்கை வைப்பேன். பம்பை என்பது இரண்டு மேளம் சேர்ந்தது. ஒன்று மர உடல், ஒன்று பித்தளை உடல். இரண்டையும் தனித்தனியாக மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று வகையில் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வகையிலும் நாலைந்து அடி வேண்டும். ஒரே அடியே திரும்பத் திரும்ப வந்தால் தையல் மிஷின் ஓடுவது போல இருக்கும். மாற்றி மாற்றி வந்தால்தான் கை வாசிப்பது போலக் கேட்கும்.

வெட்டுவதில்தான் உயிர் இருக்கிறது. அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். குச்சி தோலில் படும் இடம் சுவர் மாதிரி செங்குத்தாக எழும். அதற்கு ஒன்றிரண்டு மில்லிநொடி முன்னால், அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டுங்கள். நடுக்கோடு தப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் ஒட்டிக்கொள்ளும். முன்னால் 20 மில்லிநொடி வெறுமையாக விட்டால், விரல் போன பிறகு சத்தம் வரும், தாளம் இழுக்கும். கடைசியில் பித்தளையின் ரீங்காரம் முழுதாக ஓயட்டும். அப்புறம் மெல்லக் குறைத்து முடியுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வொரு கோப்பையும் தனியாக நார்மலைஸ் செய்தால் (உச்ச அளவுக்குச் சத்தத்தை ஏற்றினால்) மெதுவான அடியும் ஓங்கிய அடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். மூன்று வகையில் அடிக்கச் சொன்னதே வீண். எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்வு செய்து ஒரே அளவு ஏற்றுங்கள். மிக ஓங்கிய அடி மைனஸ் 1 டெசிபலில், அதாவது உச்ச எல்லையான 0-க்குச் சற்றுக் கீழே நின்றால் போதும்.

ஆர்மோனியம் வேறு கதை. கட்டையை அழுத்தியிருக்கும் வரை சத்தம் நிற்க வேண்டும், அதற்கு லூப், அதாவது ஒரு துண்டு திரும்பத் திரும்ப ஓடுவது வேண்டும். இரட்டை ரீடு பெட்டியில் ஒரு கட்டைக்கு இரண்டு ரீடு (காற்றில் அதிரும் உலோக நாக்கு) ஒலிக்கும், அவை இரண்டும் துல்லியமாகச் சேராது. ஒன்று 440 ஹெர்ட்ஸ், மற்றது 442 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இரண்டு முறை சத்தம் ஏறி இறங்கும். அந்த அசைவுதான் அதன் அழகு. லூப்பின் நீளம் அந்த அசைவுக்குப் பொருந்தவில்லை என்றால் விக்கல் எடுப்பது போல இருக்கும். இந்தக் கணக்கில் அரை நொடி, ஒரு நொடி என்று வெட்டினால் சரியாக உட்காரும். ஒரு நொடிக்கு 44,100 சாம்பிள். துருத்தியை ஒரே சீராக அமுக்கும்போது, ஒரு அமுக்கலின் நடுப்பகுதியை எடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் காற்று மாறும்.

எல்லாக் கட்டைகளையும் பதிவு செய்ய வேண்டாம். மூன்றுக்கு ஒன்று எடுத்து, மேலே ஒன்று கீழே ஒன்று என்று நீட்டினால் போதும். ஒரு ஸ்தாயி மேலே நீட்டினால் சத்தம் பாதி நேரத்தில் முடிந்துவிடும், குரலும் குழந்தைக் குரலாகிவிடும்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது சுர எழுத்தை நம்பாதீர்கள், மிடி எண்ணை (மின்னிசைக் கருவிகள் ஒவ்வொரு கட்டைக்கும் வைத்திருக்கும் பொது எண்) போடுங்கள். நடு ஸ்தாயி ஒரு கட்டை, அதாவது மேற்கத்திய முறையில் சி, 60. யமஹா அதை சி3 என்கிறது, ரோலண்டு சி4 என்கிறது. எண் எங்கே போனாலும் 60தான்.