டிராக் ரேடியல் டயர் வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிராக் ரேடியல் என்பது நேர்கோட்டு டிராக் பந்தயத்துக்காக மென்மையான ரப்பரில் செய்த, சாலையிலும் ஓட்டத்தக்க டயர். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குதிரைத்திறனில்தான் தொடங்குகின்றன. 600, 700, ஒருவர் 900. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு டயர் சொல்ல என்னால் முடியாது. காரின் எடை என்ன, கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக்கா மேனுவலா, பந்தய ஓடுபாதை வரை காரை ஓட்டிக்கொண்டே போகிறீர்களா டிரெய்லரில் ஏற்றிப் போகிறீர்களா, உங்கள் ஊரில் மழையும் குளிரும் எப்படி என்பதையும் எழுதுங்கள். எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன். எல்லோரும் அமெரிக்காவில் கார் ஓட்டுகிறவர்கள் என்பதால் சட்டமும் விதிகளும் அந்த நாட்டுக்கானவை.

2018 மஸ்டாங் ஜிடி, சூப்பர்சார்ஜர், பத்து கியர் ஆட்டோமேட்டிக். சக்கரத்தில் 700 குதிரைத்திறன். வாரநாட்களில் அலுவலகம், மாதம் ஒருமுறை கால் மைல் ஓட்டம். டெக்சாஸில் இருக்கிறேன். மிக்கி தாம்ப்சன் ஈடி ஸ்ட்ரீட் எஸ்எஸ், ஈடி ஸ்ட்ரீட் ஆர், நிட்டோ என்டி05ஆர் மூன்றில் எது?

எஸ்எஸ். யோசிக்கவே வேண்டாம்.

ஈடி ஸ்ட்ரீட் ஆர் டயரைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்பதற்காகப் பெயருக்குச் சில பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். மற்றபடி அது மொட்டை டயர்தான். ஓடுபாதையில் அதுவே அதன் பலம். டெக்சாஸ் நெடுஞ்சாலையில் மாலை இடிமழை பிடித்துக்கொண்டால், தண்ணீரை வெளியே தள்ள வழியில்லாமல் டயர் அதன் மேலேயே மிதக்கும். எஸ்எஸ்ஸில் பள்ளங்கள் கூடுதல். அதையும் மழை டயர் என்று நினைத்துவிடாதீர்கள். மழையில் வேகத்தைக் குறைத்து வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான்.

நிட்டோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2018 டாட்ஜ் டீமன் தொழிற்சாலையிலிருந்தே நான்கு சக்கரத்திலும் 315/40 ஆர்18 நிட்டோவோடு வந்தது (அகலம் 315 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 18 அங்குலம்; ‘ஆர்’ என்றால் ரேடியல்). ஐந்து ஆண்டு கழித்து, 1025 குதிரைத்திறன் கொண்ட டீமன் 170 வந்தபோது, பின்சக்கரத்தில் 315/50 ஆர்17 ஈடி ஸ்ட்ரீட் ஆர் மாட்டிக் கொடுத்தார்கள். ரிம் ஓர் அங்குலம் சிறியதாகி, பக்கச்சுவர் உயர்ந்ததைக் கவனியுங்கள். கார் சீறிக் கிளம்பும் நொடியில் அந்தச் சுவர் கொஞ்சம் மடங்கிக்கொடுத்தால்தான் ரப்பர் தரையைப் பிடிக்கும். பெரிய ரிம்மில் மெல்லிய டயர் பார்க்க அழகு, பிடிப்புக்கு எதிரி.

ஆகவே நீங்களும் 19 அங்குலத்தை விட்டு 18க்கு இறங்குங்கள். 305/45 ஆர்18 அளவின் விட்டம் ஏறக்குறைய 28.8 அங்குலம்; பெர்ஃபார்மன்ஸ் பேக் என்ற கூடுதல் தொகுப்பில் வரும் 275/40 ஆர்19 சுமார் 27.7. இந்த நான்கு சதவீத வித்தியாசத்தால், திருத்தி அமைக்காவிட்டால், வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். உள்பக்கம் சஸ்பென்ஷனோடும் மேலே ஃபெண்டரோடும் உரசுகிறதா என்பதைக் காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை முழுதாக மேலே ஏற்றிப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பின்னால் மட்டும் டிராக் ரேடியல் போட்டால் காரின் குணமே மாறிவிடும். காய்ந்த சாலையில் பின்பிடிப்பு முன்பிடிப்பை விஞ்சும். வளைவில் மூக்கு வெளியே இழுக்கும். மழையில் இது அப்படியே மாறி, பின்பக்கம் வழுக்கி வால் வீசும். முன்னால் மழைக்கு நல்ல டயர் போட்டிருப்பவருக்கு இது இன்னும் அபாயம், ஏனென்றால் முன்சக்கரம் கடைசிவரை எச்சரிக்கை தராது.

ஓடுபாதையில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்? ஒருவர் 12 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) என்கிறார், ஒருவர் 24 என்கிறார்.

சாலைக் கார்களில் பெரும்பாலானவை 15க்கும் 20க்கும் இடையில் எங்கேயோ நிலைகொள்ளும். உங்கள் கார் 1,700 கிலோவுக்கு மேல் என்றால் 20இல் தொடங்கி, ஓட்டத்துக்கு ஓட்டம் ஒவ்வொரு பிஎஸ்ஐயாக இறக்குங்கள். கிளம்பிய இடத்தில் தரையில் விழுந்த கறுப்புத் தடத்தை இறங்கிப் போய்ப் பாருங்கள். இரு விளிம்பும் கருத்து நடு வெளுத்திருந்தால் காற்று போதவில்லை. நடு மட்டும் கருத்திருந்தால் அதிகம். ஒரே சீராக இருந்தால் கைவைக்காதீர்கள்.

பெட்ரோல் பங்க் அளவுமானியை நம்பி இதைச் செய்ய முடியாது. 0 முதல் 30 வரை மட்டுமே காட்டும் முள் அளவுமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அரை பிஎஸ்ஐ வித்தியாசமும் அதில் தெரியும். எப்போதும் ஒரே நிலையில் அளக்க வேண்டும். வெயிலில் நின்ற பக்கத்து டயரில் நிழல் பக்கத்தைவிட அழுத்தம் கூடியிருக்கும். அதைக் கவனிக்காமல் இரண்டையும் சமமாக்கிவிட்டு, கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்று சஸ்பென்ஷனைக் குற்றம் சொல்கிறார்கள்.

வீடு திரும்பும் முன் பழையபடி 30ஐ ஒட்டி அடித்துவிடுங்கள். 18 பிஎஸ்ஐயில் நெடுஞ்சாலையில் பறந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். டயர் வெடிப்பது அப்படித்தான். கார் பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரஸர் டிக்கியில் இருக்கட்டும்.

கமாரோ எஸ்எஸ், ஆறு கியர் மேனுவல். டிராக் ரேடியல் போட்டதிலிருந்து பின் அச்சுத் தண்டு இரண்டு முறை உடைந்துவிட்டது. டயர் சரியில்லையா?

டயர் தன் வேலையைச் செய்கிறது. அதனால்தான் தண்டு உடைகிறது. முன்பெல்லாம் கிளட்ச்சை விட்டதும் சக்கரம் சுழன்று அந்த அடியை வெளியேற்றியது. இப்போது சக்கரம் சுழலவில்லை. அடி முழுவதும் தண்டுக்குப் போகிறது. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் விசையை எண்ணெய் வழியே கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் அதைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். மேனுவலில் தாங்க ஆளில்லை.

உங்களைப் போன்றவர்களுக்குப் பயஸ் பிளை டயர் (உள்ளே நூலடுக்குகள் குறுக்கே சாய்ந்து பின்னிய பழைய பாணி) ஏற்றது. அதன் சுவர் மென்மையானது; கிளம்பும்போது சுருங்கிச் சுருண்டு அடியை உள்வாங்கும். கொஞ்சம் சறுக்கினாலும் மறுபடி பிடித்துக்கொள்ளும். ரேடியல் அப்படியில்லை. ஒருமுறை சறுக்கத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் திரும்பப் பிடிக்காது. பசை தெளித்து, ரப்பர் படிய வைத்துத் தயாரித்த பாதையில் ரேடியல் அசாத்தியமானது. ரேடியல் வெர்சஸ் த வேர்ல்ட் என்ற டிராக் பந்தயப் பிரிவில் 315/60 ஆர்15 ரேடியலில் எட்டில் ஒரு மைலை நான்கு நொடிக்குள் கடக்கிறார்கள். ஆனால் எந்தத் தயாரிப்பும் இல்லாத வெள்ளிக்கிழமை இரவுப் பாதையில் அதே ரேடியல் கைவிரித்துவிடும்.

ரேடியலேதான் வேண்டுமென்றால், முழுதாகக் கவ்வும் முன் கொஞ்சம் நழுவ விடுகிற வகையில் கிளட்ச்சை மாற்றியமையுங்கள். கூடவே வலுவான அச்சுத் தண்டுகளும் தேவை. கணக்குப் போட்டால் டயர்தான் இதில் மலிவான பகுதி.

ஈடி ஸ்ட்ரீட் ஆர் ரேடியல் என்று நினைத்து வாங்கினேன். நெடுஞ்சாலையில் பின்பக்கம் படகு போல ஆடுகிறது.

பக்கச்சுவரில் அளவைப் படித்துச் சொல்லுங்கள். 28×11.50-15 என்று அங்குலத்தில் எழுதியிருந்தால் உங்களிடம் இருப்பது பயஸ் பிளை. 275/60 ஆர்15 என்ற பாணியில் நடுவே ‘ஆர்’ வந்தால்தான் ரேடியல். அந்த மாடல் ஒரே பெயரில் இரண்டு வகையாகவும் விற்கிறது. விட்டம் இரண்டிலும் 28 அங்குலம்தான் என்பதால் கடைக்காரரும் குழம்புவார். முன்னால் ரேடியல், பின்னால் பயஸ் என்று கலந்து சாலையில் வேகமாகப் போகாதீர்கள். மாட்டாமல் வைத்திருந்தால் மாற்றிக் கேட்டிருக்கலாம், இப்போது விற்றுவிட்டு வாங்குவதுதான் வழி.

ஓட்டத்துக்கு முன் பின்சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றிச் சூடேற்றும் பர்ன்அவுட் எவ்வளவு நேரம்?

நீங்கள் நினைப்பதில் கால்வாசி. கிளம்பும் இடத்துக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்த் தேக்கத்தைச் சுற்றிப் போய், பின்னால் நகர்ந்து, ஈர விளிம்பில் பின்சக்கரத்தை மட்டும் நனையுங்கள். நேரே தண்ணீருக்குள் ஓட்டினால் முன்டயரின் பள்ளங்கள் தண்ணீரைச் சுமந்து வந்து கிளம்பும் இடத்தில் கொட்டும். உங்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் மன்னிக்க மாட்டார்கள். மெல்லிய புகை எழுந்ததும் நிறுத்துங்கள். படம் எடுப்பதற்காக ரப்பரைப் புகையாக்கினால் டயர் மிதமிஞ்சிச் சூடேறி வழுக்கும், ஆயுளும் குறையும். 2015க்குப் பிந்தைய மஸ்டாங் ஜிடியில் முன்பிரேக்கை மட்டும் பூட்டும் லைன் லாக் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் பின்பிரேக் வேகாது.

மிச்சிகன். குளிர்காலத்தில் டயரைக் காரிலேயே விட்டுவைக்கலாமா?

கூடாது. மென்மையான இந்த ரப்பர் உறைநிலைக்குக் கீழே கண்ணாடி போல் இறுகும். அந்த நிலையில் காரை நகர்த்தினாலே வெடிப்பு விழலாம். கழற்றி, கறுப்புப் பையில் கட்டி, வீட்டுக்குள் உறைநிலைக்குக் கீழே போகாத இடத்தில் வையுங்கள். மின்மோட்டார் அருகே வேண்டாம். அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பரைத் தின்றுவிடும். பளபளப்பு திரவம் பூசும் ஆசையும் வேண்டாம்.

பாதி விலைக்குப் பழைய செட் கிடைக்கிறது. பள்ளம் இன்னும் நன்றாக இருக்கிறதாம்.

பள்ளத்தைப் பார்த்து வாங்கும் டயர் இல்லை இது. பக்கச்சுவரில் இருக்கும் டிஓடி குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைக் கேளுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சூடேறி ஆறி, சூடேறி ஆறி ரப்பர் கெட்டிப்பட்டிருந்தால் எவ்வளவு பள்ளம் மிச்சமிருந்தும் பயனில்லை. விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழாவிட்டால் அது பிடிப்பைத் தொலைத்த டயர். பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் கேட்பது 2/32 அங்குலப் பள்ளம் என்றாலும், மழையில் ஓட்டுபவர் அதற்கு வெகுமுன்பே மாற்றிவிட வேண்டும்.

நிசான் ஜிடி-ஆருக்குப் பின்னால் மட்டும் போடலாமா?

வேண்டாம். நான்கு சக்கர இயக்கத்தில் முன்பின் சுற்றளவு பொருந்தாவிட்டால் முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுதாகும். நான்கும் ஒரே வகையில், பொருந்தும் சுற்றளவில் இருக்க வேண்டும்.

என் மஸ்டாங்கில் புது ரிம், புது டயர் மாட்டியாகிவிட்டது. ஓடுபாதைப் பரிசோதனையில் வீல் ஸ்டட் (சக்கரத்தைப் பிணைக்கும் திருகாணி) நீளம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது என்ன விதி?

நியாயமான விதி. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளத்துக்கு நட்டுக்குள் மரை ஏறியிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்ஹெச்ஆர்ஏ. உங்கள் மஸ்டாங்கில் ஸ்டட் 14 மில்லிமீட்டர். நட்டுக்குள்ளும் 14 மில்லிமீட்டர் ஏற வேண்டும். தடித்த ரிம்மோ, சக்கரத்தை வெளியே தள்ள இடையில் வைக்கும் ஸ்பேசரோ வந்தால் அந்த நீளம் குறைந்துவிடும். நீளமான ஸ்டட் போட்டு, முனை திறந்த நட்டு வாங்குங்கள். பரிசோதிப்பவர் வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச்சால் 150 பவுண்டு-அடிக்கு முறுக்கி, முதல் 50 மைல் ஓடியதும் ஒருமுறை மீண்டும் சரிபாருங்கள்.