லிங்க் எந்த டேப்பில் திறக்க வேண்டும்? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: மிக்ஸி வாங்குவதற்காக லேப்டாப்பில் ஷாப்பிங் தளங்களைப் பார்க்கிறேன். எந்த மாடலைக் கிளிக் செய்தாலும் தனி டேப்பாகத் திறக்கிறது. கொஞ்ச நேரத்தில் மேலே டேப்புகள் குவிந்து, எதில் எந்த மிக்ஸி என்றே தெரிவதில்லை. லேப்டாப்பும் திணறுகிறது. இதை நிறுத்த ஒரு எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) இருக்கிறது, போட்டுத் தருகிறேன் என்கிறார் தெரிந்தவர். போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் பிரவுசரிலேயே வழி இருக்கிறது.

ஒவ்வொரு லிங்க்கிலும் அது எங்கே திறக்க வேண்டும் என்பதைத் தளத்தை வடிவமைத்தவர் எழுதி வைக்க முடியும். 'புது டேப்' என்று அவர் எழுதியிருந்தால் பிரவுசர் அப்படியே செய்யும். நீங்கள் ஒரு மிக்ஸியைப் பார்த்துவிட்டு டேப்பை மூடினாலும் பட்டியல் பக்கம் பின்னால் அப்படியே இருக்க வேண்டும், தளத்தை விட்டே போய்விடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. கடைக்காரருக்கு அது லாபம். அதற்காக நம் திரையில் எது எங்கே திறக்க வேண்டும் என்பதை அவர் ஒருவரே முடிவு செய்வது சரியல்ல.

க்ரோமில் இதை மாற்றத் தனி செட்டிங் கிடையாது. ஆனால் கை வழி ஒன்று உண்டு. லிங்க்கைக் கிளிக் செய்யாமல், மவுஸால் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மேலே நீங்கள் இருக்கும் அதே டேப்பின் மீது விடுங்கள். பக்கம் அந்த டேப்பிலேயே திறக்கும். பேக் பட்டனை அழுத்தினால் பட்டியலுக்குத் திரும்பிவிடலாம்.

ஃபயர்பாக்ஸில் நிரந்தரமாகவே மாற்றலாம். அட்ரஸ் பாரில் 'அபவுட்', ஒரு முக்காற்புள்ளி (:), 'கான்ஃபிக்' என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். எச்சரிக்கை ஒன்று வரும், ஒப்புக்கொண்டு உள்ளே போங்கள். தேடும் பெட்டியில் 'பிரவுசர் டாட் லிங்க் டாட் ஓப்பன் அண்டர்ஸ்கோர் நியூவிண்டோ' என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் சில வரிகள் வரும், சரியாக அந்தப் பெயர் மட்டும் உள்ள வரியைப் பாருங்கள். அதில் 3 என்று இருக்கும். 3 என்றால் புது டேப், 2 என்றால் புது விண்டோ, 1 என்றால் இதே டேப். 1 போட்டுவிடுங்கள். மற்ற வரிகளில் கை வைக்க வேண்டாம்.

எக்ஸ்டென்ஷனை ஏன் மறுக்கிறேன் என்றால், இந்த வகை எக்ஸ்டென்ஷன்கள் பெரும்பாலும் 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும். எல்லாத் தளங்களிலும் என்றால் உங்கள் வங்கிப் பக்கமும் சேர்த்துத்தான். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று, பயன்படுத்தாத டேப்புகளைத் தூங்க வைத்து லேப்டாப்பின் சுமையைக் குறைக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்று க்ரோமில் இருந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வைத்திருந்தார்கள். உருவாக்கியவர் 2020-இல் அதை வேறு கைக்கு விற்றார். 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுளே அதை முடக்கியது. நல்லதென்று நம்பிப் போட்டவர்களுக்குக் கை மாறியதே தெரியாது. அந்த வேலையைச் செய்ய இப்போது க்ரோமிலேயே 'மெமரி சேவர்' இருக்கிறது. செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் ஆன் செய்யுங்கள், திணறல் குறையும்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாடல்களின் வாட்ஸ், ஜார் எண்ணிக்கை, வாரன்ட்டி எல்லாம் ஒப்பிட வேண்டுமானால் தனித்தனி டேப்தான் வசதி. வேண்டாத மாடலை அவ்வப்போது மூடிக்கொண்டே வந்தால் போதும். டேப்பின் மீது மவுஸ் சக்கரத்தை ஒரு அழுத்து அழுத்தினால் மூடிவிடும். தவறி வேண்டியதை மூடிவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், திரும்ப வரும். காலையில் திறந்த டேப்பில் மாலையிலும் காலை விலைதான் தெரியலாம். பணம் கட்டுமுன் எஃப்5 தட்டிப் புதிய விலையைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. தேடிய முடிவுகளில் ஒன்றைக் கிளிக் செய்தால் அந்தப் பக்கமே மாறிவிடுகிறது. புது டேப்பில் திறக்க, கூடுதல் பட்டன் உள்ள விலை உயர்ந்த மவுஸ் வாங்க வேண்டுமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள். சக்கரம் உள்ள சாதாரண மவுஸே போதும். லிங்க் மீது சக்கரத்தை அழுத்தினால் பின்னணியில் புது டேப் திறக்கும், நீங்கள் படிக்கும் பக்கம் அசையாது. மவுஸ் இல்லையென்றால் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்யுங்கள். கூடவே ஷிஃப்டையும் பிடித்தால் நேராகப் புது டேப்புக்கே போய்விடும். ஷிஃப்ட் மட்டும் என்றால் தனி விண்டோ. ஆப்பிள் கம்ப்யூட்டரில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் டச்பேடில் மூன்று விரல் தட்டலைச் சக்கர அழுத்தமாக மாற்றும் வசதியும் டச்பேட் செட்டிங்ஸில் உண்டு.

புது மவுஸ் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கடையிலேயே சக்கரத்தை நாலு தடவை அழுத்திப் பாருங்கள். மலிவு மவுஸ் சிலவற்றில் அழுத்தும்போதே சக்கரம் உருண்டுவிடும், அல்லது விரல் வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கும். பெட்டியைப் பிரித்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஆர்டர் போட்டுப் பணம் கட்டும்போது வங்கிப் பக்கம் திறக்கவே இல்லை. மறுபடி அழுத்தினேன். ஒரு தடவை திறந்து, பணம் பிடித்தாகிவிட்டது என்று எஸ்எம்எஸ் வந்தது. ஆனால் ஆர்டர் பதிவாகவில்லை. பணம் போனது போனதுதானா?
– வாசகர், ஓசூர்

பதில்: போகாது சார், பதற வேண்டாம். முதல் தடவை திறக்காததற்குப் பெரும்பாலும் பாப்-அப் தடுப்பே காரணமாக இருக்கும். விளம்பர ஜன்னல்களைத் தடுக்கும் அதே காவல், சில சமயம் வங்கியின் ஜன்னலையும் நிறுத்திவிடும். அப்போது க்ரோமில் அட்ரஸ் பாரின் வலது ஓரத்தில் சின்ன ஐகான் ஒன்று தெரியும். அதைக் கிளிக் செய்து, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எல்லாத் தளங்களுக்கும் திறந்துவிடாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று விட்ட சுற்றறிக்கை உங்களுக்குத் துணை. ஆன்லைன் கடையில் கார்டு மூலமோ யுபிஐ மூலமோ கட்டி, கணக்கில் பணம் பிடிக்கப்பட்டு, கடைக்கு உறுதி போய்ச் சேரவில்லை என்றால், அந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நீங்கள் கேட்காமலேயே வங்கி அதைத் தர வேண்டும். பரிவர்த்தனை எண்ணுள்ள எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் வைத்திருங்கள். கெடு தாண்டினால் வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

இனிமேல் வங்கிப் பக்கம் புது டேப்பில் திறந்தால் பழைய டேப்பை மூடாதீர்கள், ரீலோடும் செய்யாதீர்கள். பல கடைகளில் அந்தப் பழைய டேப்தான் பதிலுக்குக் காத்திருக்கும். மறுபடி 'பே' அழுத்துமுன் 'மை ஆர்டர்ஸ்' பகுதியையும் வங்கிக் கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: போனில் ஒரு தளத்தில் எங்கே தொட்டாலும் புது டேப் திறந்து, 'உங்கள் போனில் வைரஸ்' என்று அலறுகிறது. அப்பா பயந்துபோய் அதில் சொன்ன ஆப்பைப் போட்டுவிட்டார்.
– வாசகி, மதுரை

பதில்: அந்த ஆப்பை உடனே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஒரு இணையப் பக்கத்தால் உங்கள் போனுக்குள் புகுந்து வைரஸ் தேட முடியாது. அந்த எச்சரிக்கை சுத்தப் பொய். பக்கத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விரித்து வைத்து, நீங்கள் எங்கே தொட்டாலும் அது விளம்பர லிங்க்காகும்படி செய்கிறார்கள். நீங்கள் தொட்டதால் திறந்தது என்று பிரவுசர் எடுத்துக்கொள்வதால் பாப்-அப் தடுப்பிலும் அது தப்பிவிடுகிறது. அப்படித் திறக்கும் டேப்பில் எதையும் தொடாதீர்கள், 'கேன்சல்' கூட வேண்டாம். டேப் பட்டியலுக்குப் போய் அங்கிருந்து மூடுங்கள். அப்பாவின் க்ரோமில் 'சைட் செட்டிங்ஸ்' போய் 'பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்' தடுக்கப்பட்டிருக்கிறதா என்றும், 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதியில் தெரியாத தளம் எதற்காவது அனுமதி போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வைரஸ் என்று மிரட்டிப் போலிக் கருவியைக் காசுக்கு விற்பது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அப்பாவின் கணக்கிலிருந்து பணம் ஏதும் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

கேள்வி: ஐபோனில் லிங்க்கை விரலால் அழுத்திப் பிடித்துப் புது டேப்பில் திறந்தால் உடனே அங்கே தாவிவிடுகிறது. படித்துக்கொண்டிருக்கும் பக்கத்திலேயே இருக்க முடியாதா?
– வாசகர், கோவை

பதில்: முடியும். செட்டிங்ஸில் சஃபாரிக்குரிய பகுதிக்குப் போங்கள். 'ஓப்பன் லிங்க்ஸ்' என்பதில் 'இன் பேக்கிரவுண்ட்' தேர்ந்தெடுங்கள்.