அர்மாரியோவா, க்ளோசெட்டா?

கேள்வி: ஆங்கிலத்தில் அமைந்த ஆடை விற்பனைப் பட்டியல் ஒன்றை ஸ்பானிய மொழியில் பெயர்த்து வருகிறேன். வார்ட்ரோப், க்ளாசெட், ஹேங்கர், ஜாக்கெட் ஆகியவற்றுக்கு அகராதிக்கு அகராதி சொல் மாறுகிறது. எதைக் கொள்வது?
– வாசகி, திருச்சி

பதில்: பட்டியல் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை, அகராதிகள் முரண்படுவதாகத் தோன்றுவதும் அதனால்தான். சுவரோடு சேர்த்துக் கட்டிய க்ளாசெட் ஸ்பெயினில் ‘அர்மாரியோ எம்போத்ராதோ’, அர்ஜென்டினாவில் பிரெஞ்சிலிருந்து வந்த ‘பிளக்கார்’. மெக்சிகோவிலோ ஆங்கிலச் சொல்லே ‘க்ளோசெட்’ என்று நிலைத்துவிட்டது. (ஆயுதம் வைக்கும் இடத்தைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அர்மாரியோ நமக்கும் அந்நியமன்று; அதன் போர்ச்சுகீசிய வடிவமே தமிழில் அலமாரி ஆயிற்று.)

வார்ட்ரோப் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மரச்சாமானைக் குறித்தால் அர்மாரியோ அல்லது ‘ரோபேரோ’ பொருந்தும். ஆனால், விற்பனைப் பட்டியலில் அச்சொல் பெரும்பாலும் ஒருவரிடம் உள்ள உடைகளின் தொகுதியையே குறிக்கும் என்பதால், அங்கே ‘குவார்தாரோப்பா’ அல்லது ‘வெஸ்துவாரியோ’ என்றுதான் எழுத வேண்டும். ‘கோடைக்கால வார்ட்ரோப்’ என்பதை அர்மாரியோ என்று பெயர்த்தால் வாசகர் மரப்பெட்டியைத் தேடுவார். இதற்கு ஒரு விலக்கும் உண்டு: எந்தப் பருவத்துக்கும் கைகொடுக்கும் அடிப்படை உடைகளை ஸ்பெயினில் ‘ஃபோந்தோ தே அர்மாரியோ’, அதாவது அலமாரியின் அடித்தளம், என்றே அழைக்கிறார்கள்.

உடை மாட்டும் ஹேங்கர் ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் ‘பெர்ச்சா’. மெக்சிகோவில் கொக்கி என்று பொருள்படும் ‘கான்ச்சோ’.

ஜாக்கெட்டில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஸ்பெயினில் இயல்பாக வழங்கும் ‘சக்கேத்தா’ மெக்சிகோவின் பேச்சு வழக்கில் ஆபாசப் பொருள் ஏற்றுவிட்டது. அங்கே ‘சமார்ரா’ என்றும், அர்ஜென்டினாவில் ‘காம்பேரா’ என்றும் எழுதுங்கள். கோட் சூட்டின் மேலங்கி என்றால் இவ்விரு நாடுகளிலும் ‘சாக்கோ’.

நீங்கள் கேட்காவிட்டாலும், பட்டியலில் டி‑ஷர்ட் நிச்சயம் இருக்கும். அது ஸ்பெயினில் ‘கமிசேத்தா’, மெக்சிகோவில் ‘பிளையேரா’, அர்ஜென்டினாவில் ‘ரெமேரா’, சிலியில் ‘போலேரா’. ஒரே பட்டியல் எல்லா நாடுகளுக்கும் போவதாயின், கமிசேத்தா என்று எழுதிப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஜாக்கெட்டுக்கு மட்டும் மெக்சிகோவுக்கெனத் தனிப்பக்கம் அச்சிடச் சொல்லுங்கள்.