புல்லட்டை வைத்து உழும் வண்டி மானாவாரி நிலத்துக்கு உண்மையிலேயே பயன்படுமா?

குஜராத்தில் ஒருவர் புல்லட் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து உழும் காணொளியைப் பார்த்துவிட்டு, இது வேடிக்கைக்குச் செய்ததா, வேலைக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்கு ஆகும். அந்த வண்டியை அது பிறந்த மாவட்டத்திலேயே வயலுக்குள் பார்த்தவன் நான். ஆகவே, அத்தகைய காணொளிகளின் கீழே சிரித்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதன் பெயர் புல்லட் சாந்தி. சௌராஷ்டிரத்து உழவர்கள் மாடு பூட்டி இழுக்கும் பல கொழுக்கள் கொண்ட கருவிதான் சாந்தி. அம்ரேலி மாவட்டம், மோட்டா தேவலியா கிராமத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி 1994இல் அதைப் புல்லட்டோடு இணைத்தார். அடிக்கடி மழை பொய்க்கும் பகுதி அது. தீவனமில்லாமல் ஏர் மாடு வைத்துக்கொள்ள முடியவில்லை. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. டிராக்டர் வாங்கும் வசதி சிறு விவசாயிக்கு ஏது?

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், கோவையில் ஒரு நூற்பாலைக்குப் பருத்தி கொள்முதல் செய்யும் வேலையில் இருந்தேன். பஞ்சு வாங்குவது குளிர்காலத்தில்தான் என்றாலும், பயிர் நிலவரம் பார்ப்பதற்காக மழைக்காலத்திலும் அந்தப் பக்கம் அனுப்புவார்கள். அம்ரேலியை நெருங்கும்போது, யாரோ பருத்திக் காட்டுக்குள் புல்லட் ஓட்டிக்கொண்டு போவதாகவே சாலையிலிருந்து தெரிந்தது. இறங்கிப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், முன்சக்கரம், ஹேண்டில், பெட்ரோல் டாங்க், இருக்கை எல்லாம் அப்படியே இருக்க, பின்சக்கரத்தை மட்டும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் செயினால் சுழலும் ஓர் அச்சையும் இரண்டு சிறிய சக்கரங்களையும் பொருத்தியிருந்தார்கள். அச்சுக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சட்டம், அதில் போல்ட் போட்டு மாட்டிய கொழுக்கள். வரிசை முடியும் இடத்தில் ஓட்டியவர் நெம்புகோலை இழுத்துக் கொழுக்களைத் தூக்கினார். வண்டியைத் திருப்பி அடுத்த இடைவெளியில் இறக்கினார். ஹேண்டிலில் ஒரு ஸ்பேனர் சணல் கயிற்றில் கட்டித் தொங்கியது. எதற்கு என்று கேட்டேன். பக்கத்துக் கடலைக் காட்டுக்குப் போகும்போது போல்ட்டைத் தளர்த்திக் கொழுக்களை நெருக்கி வைத்துக்கொள்வதற்காம்.

அந்த வண்டியின் முழுச் சூட்சுமமும் எனக்கு அந்த ஸ்பேனரில்தான் பிடிபட்டது. இது டிராக்டருக்குப் போட்டியாகச் செய்த வண்டி அன்று. பயிர் முழங்கால் உயரம் வளர்ந்த பிறகு, டிராக்டரை உள்ளே விட முடியாத நேரத்தில், வரிசைகளுக்கு நடுவே மேலாகக் கீறிக் களையை அழிப்பதற்கு அமைத்தது. எடை குறைவு என்பதால் மண்ணும் இறுகுவதில்லை. ஓர் ஏக்கரை அரை மணி நேரத்துக்குள், சுமார் 2 லிட்டர் டீசலில் முடித்துவிடும் என்பது, எளிய மக்களின் கண்டுபிடிப்புகளுக்குக் கைகொடுக்கும் நேஷனல் இன்னோவேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு வெளியிட்ட கணக்கு. நிலத்துக்கு நிலம் இது மாறும்; நான் கடிகாரம் வைத்து அளக்கவில்லை, ஆகவே யாரும் என்னிடம் கணக்குக் கேட்டு வர வேண்டாம்.

டிராக்டர் வைத்திருப்பவர்களும் பொறியாளர்களும் கோபித்துக்கொள்ளக் கூடாது. டிராக்டர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் இதை ஒட்டுப்போட்ட வேலை என்று ஒதுக்குபவர்கள், 2005இல் இதே அமைப்புக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர் திரும்பியதும் இப்படி ஒன்று செய்துகொள்ள உறவினர் ஒருவருக்கு உதவி கிடைக்குமா என்று ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். "பட்டியலில் இல்லாத கருவிக்கு மானியம் கிடையாது" என்றார்கள். பட்டியலில் இருந்தவையோ அவருடைய நிலத்தின் மொத்த வருமானத்தையே விழுங்கிவிடும் விலையில் இருந்தன. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

எஞ்சின் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே பெரும்பாலும் புல்லட்டின் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, டீசல் எஞ்சினைப் பொருத்துகிறார்கள். ராஜ்கோட் டீசல் எஞ்சின்களுக்குப் பேர்போன ஊர் என்பதால் உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. குறைந்த வேகத்தில் இழுவை வேண்டும், எரிபொருள் செலவு அடங்க வேண்டும் என்பதே காரணம். என்ஃபீல்டு நிறுவனமே 325 சிசி டீசல் புல்லட்டை விற்றதுண்டு. இன்று அதைப் பழைய வண்டிப் பிரியர்கள் போட்டிபோட்டு வாங்குகிறார்கள். அவர்களோடு ஏலம் கேட்டு உழவு வண்டி செய்வது கட்டுப்படியாகாது. ஓடாத பெட்ரோல் புல்லட்டின் சட்டமும் முன்பாதியும் போதும்.

நீங்கள் மானாவாரியில் பருத்தியோ கடலையோ வரிசை பிடித்து விதைப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் எஞ்சினைத் தேடுவதற்கு முன் வரிசை இடைவெளியை அளந்து, அந்த அளவோடு நல்ல பட்டறைக்காரரிடம் போங்கள். பட்டறையில் மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி சிக்கல் வரும், காட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து ஈரம் காயாத கரிசலில் இறக்கினால் சக்கரம் வழுக்கும். ஆழ உழுவதற்கும் இது உதவாது. உங்களுடையது நஞ்சை என்றால் இந்த யோசனையை விட்டுவிட்டுப் பவர் டில்லர் பாருங்கள்.